எழுபது வளைவும் இருபத்தொரு வளைவும்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இமயத்தில் மணாலியிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில், சார்ச்சுவைக் கடந்தபின் வரும் காட்டா லூப்ஸ் என்ற ஏற்றத்தில் உள்ளவை 21. கொல்லிமலையில் ஒரே மூச்சில் ஏறிப் பழகிய சைக்கிளோட்டிகூட அந்த 21 வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் இறங்கி வண்டியைத் தள்ள நேரலாம். சாலையின் சாய்வில் பெரிய வேறுபாடு இல்லை. வளைவுகளும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. வேறுபடுவது காற்று.

வழிகாட்டியுடன் பல நாள் நீளும் உயர்மலைச் சைக்கிள் பயணத்துக்கு ஆயத்தமாகும் வேலை இதனால் இரண்டாகப் பிரிகிறது. காலையும் இதயத்தையும் கியரையும் பிரேக்கையும் தமிழ்நாட்டிலேயே முழுமையாகத் தயார் செய்துவிடலாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுகள், மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 என்று பயிற்சிக் களங்களுக்குப் பஞ்சமில்லை. 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ என்ற பல நாள் சைக்கிள் பயணத்தின் புகழே கல்லட்டி ஏற்றத்தில்தான் இருக்கிறது. ஆனால் இடைவெளியில்லாமல் தொடரும் நீண்ட ஏற்றத்துக்குக் கொல்லிமலைக்கு இணை குறைவு. இரண்டாவது வேலை, மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்குவது. அதை இங்கே தொடங்கக்கூட முடியாது. கொல்லிமலையின் மேல்தளம் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மலை நோய் தலைகாட்டத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 2,500 மீட்டர். இந்த இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் வேலையின் அடிப்படை எளிய இயற்பியல். காரவள்ளியிலிருந்து மேல்தளம் வரை செங்குத்து உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஓட்டுபவர், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று கொண்டால், அந்த எடையை 1,000 மீட்டர் உயர்த்தப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்ய வேண்டிய வேலை 833 கிலோஜூல். இரண்டு மணி நேரத்தில் ஏறினால் அது சராசரியாக 116 வாட் திறன். டயரின் உருளல் தடை, செயினின் உராய்வு, சிறிதளவு காற்றுத் தடை ஆகியவற்றைச் சேர்த்தால் 140 வாட் அளவில் வந்து நிற்கும். பயிற்சியில்லாத உடலுக்கு இது கடினம். மூன்று நான்கு மாதம் முறையாக ஓட்டியவருக்கு எட்டக்கூடிய அளவு.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சுமையில் ஒரு கிலோவைக் குறைத்தால் அந்த இரண்டு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு கிலோவுக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து இலேசான பாகங்கள் வாங்குவோர் உண்டு. பந்தயம் ஓடுபவருக்கு அது நியாயம். வழிகாட்டியுடன் செல்லும் பயணத்தில் அந்தப் பணத்துக்குக் கூடுதல் பற்கள் கொண்ட பின் கியர் வாங்குவதே அறிவுடைமை.

ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். இன்றைய மலைச் சைக்கிள்களில் முன்னே 32 பற்கள், பின்னே மிகப் பெரிய சக்கரத்தில் 50 பற்கள் என்ற அமைப்பு பரவலாகக் கிடைக்கிறது. 29 அங்குலச் சக்கரத்தில் இந்தக் கியரில் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஒன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 5 விழுக்காடு சாய்வில் இதற்குத் தேவைப்படும் திறன் 75 முதல் 80 வாட் வரை. முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கைப் பற்கள் உள்ள கியரில் அதே 60 சுற்றுக்கு 120 வாட் வேண்டும். கொல்லிமலையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, கால் ஈடுகட்டிவிடும். 4,500 மீட்டரில் தெரியும். அங்கே 120 வாட் கைவசம் இல்லாதவருக்குச் சிறிய கியரும் இல்லையென்றால் நடை ஒன்றுதான் வழி. மெதுவான சுற்றில் பெடலை அழுத்தி மிதிப்பது முழங்கால் மூட்டின் மீது விழும் விசையையும் கூட்டுகிறது. இருக்கை தாழ்வாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். பெடல் கீழ்க்கோடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருப்பதே சரியான உயரம்.

கொண்டை ஊசி வளைவுக்கென்று ஒரு தனி வடிவியல் உண்டு. வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஏறுவது ஒரே உயரம். உள்விளிம்பின் நீளமோ மிகக் குறைவு. எனவே உள்விளிம்பில் சாய்வு செங்குத்தாகிறது. இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுவதால், இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் சைக்கிளோட்டி அந்தச் செங்குத்தான உள்விளிம்பில்தான் ஏற வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் கியரை மாற்ற முயன்றால் செயின் இழுவிசையில் திணறும், சில நேரம் கழன்றும் விழும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு நுழையும் பழக்கம் 70 முறை திரும்பத் திரும்பச் செய்தால் கைக்குப் படிந்துவிடும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்று இந்தியச் சாலை விதி சொல்கிறது. ஆனால் பலாவும் அன்னாசியும் ஏற்றி இறங்கும் லாரிக்காரர் சைக்கிளையும் வண்டியாகக் கணக்கில் எடுப்பார் என்று நம்பி வலப்பக்கம் ஒதுங்குவது ஆபத்து.

140 வாட்டில் இரண்டு மணி நேரம் என்றால் செய்த வேலை ஏறத்தாழ 1,000 கிலோஜூல். தசைகள் உணவின் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காட்டையே இயக்கமாக மாற்றுகின்றன, மற்றது வெப்பமாகிறது. ஆகவே செய்த வேலை எத்தனை கிலோஜூலோ, செலவான உணவு ஆற்றலும் ஏறத்தாழ அத்தனை கிலோகலோரி என்று வசதியாகக் கணக்கிடலாம். ஓர் ஏற்றத்துக்கு 1,000 கிலோகலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பில் இருக்கும் கிளைக்கோஜன் 400 முதல் 500 கிராம் வரைதான். அது தீர்ந்தால் கால்கள் திடீரென்று நின்றுவிடும். இதைத் தவிர்க்க ஓட்டும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கிறது. கொல்லிமலையின் மலைவாழை அளவில் சிறியது, அதற்கேற்பக் கூடுதலாகக் கொள்ள வேண்டும். விலையுயர்ந்த ஜெல் பாக்கெட்டுகள் செய்வதும் இதே வேலைதான். கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் குளிரில் கல்லாகாமல் இருக்கின்றனவா, பை குலுங்கும்போது நசுங்காமல் இருக்கின்றனவா என்பதையும் பயிற்சியிலேயே சோதித்துவிடலாம்.

பல நாள் பயணத்தின் சிக்கல் முதல் நாள் ஏற்றத்தில் இல்லை, மூன்றாம் நாள் காலையில் இருக்கிறது. தீர்ந்துபோன கிளைக்கோஜன் முழுமையாக நிரம்ப நல்ல சாப்பாட்டுடன் ஒரு நாள் அளவு ஆகும். இடையில் மறுநாள் ஏற்றம் வந்துவிடுகிறது. இதற்கான பயிற்சி, அடுத்தடுத்த நாட்களில் ஓட்டுவது மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே ஒரு நீண்ட ஓட்டம் ஓடியவரைவிட, வாரக்கடைசியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நடுத்தர ஓட்டம் ஓடியவர் இமயத்தில் நன்றாகத் தாங்குவார்.

கொல்லிமலை இதற்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. முதல் நாள் விடியலில் காரவள்ளியிலிருந்து ஏற்றம். நாமக்கல் சமவெளியில் கோடை வெயில் 38 பாகையைத் தாண்டும் என்பதால் ஒன்பது மணிக்குள் பாதி வளைவுகளையாவது கடந்துவிட வேண்டும். மேலேயுள்ள செம்மேட்டில் தங்கி, இரண்டாம் நாள் மேல்தளத்தின் ஏற்ற இறக்கச் சாலைகளில் வளப்பூர் நாட்டின் அறப்பளீஸ்வரர் கோயில் வரையும் மாசிலா அருவிப் பக்கமும் சுற்றலாம். மூன்றாம் நாள் இறங்கி, உடல் இடம் கொடுத்தால் பாதி வரை மறுபடி ஏறலாம். உடன்வரும் சாப்பாட்டு வண்டி இல்லாமலேயே இது முடியும். மேலே எந்த ஊரிலும் சோறு கிடைக்கும், சந்தையில் சாமையும் தினையும் கிடைக்கும். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் சாலை முழுக்க வண்டிகளாக இருக்கும். அப்போது போகக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஏற்றதல்ல. இமயப் பயணக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்பதால், ஜனவரியில் தொடங்கி மே வரை கொல்லிமலையில் ஓட்டுவது இயல்பாகவே பொருந்துகிறது. கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் புதிதாக எந்த வலிமையும் வரப்போவதில்லை, களைப்பு மட்டும் கூடும்.

ஓர் எச்சரிக்கை. அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. இத்தகைய இயக்கம் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்கும். வலி உடனே வராது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும். சைக்கிள் மிதிப்பதில் இந்த வகை இயக்கம் ஏறக்குறைய இல்லாததால், எத்தனை நூறு கிலோமீட்டர் ஓட்டியவருக்கும் அந்தப் படிகள் புதியவை. ஆகவே அருவியைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. உயர்மலைத் தடங்களில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடங்கள் வருவது உண்டு. அதற்குப் பழக விரும்புபவர், பயணத்துக்குப் பல வாரம் முன்னதாக அந்தப் படிகளைச் சில முறை ஏறி இறங்கினால் தசை அந்த அடிக்கு விரைவில் பழகிவிடும்.

ஏறும்போது சேர்த்த 833 கிலோஜூலையும் இறங்கும்போது எங்காவது தொலைக்க வேண்டும். வளைவுகள் நெருங்கி வரும் சாலையில் வேகம் எடுக்க இடமில்லை, எனவே காற்று அதில் சிறு பங்கையே வாங்கிக்கொள்ளும். பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. மொத்த ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. பிரேக்கின் இரண்டு எஃகுத் தட்டுகள் அந்த வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே இறங்குவது புதியவர்களின் இயல்பு. அப்போது தட்டு ஆறுவதற்கு இடைவேளையே கிடைப்பதில்லை. நேர்ப்பகுதியில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்தபின் விடுவதே முறை. வளைவுக்குள் பிரேக் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். சாய்ந்திருக்கும் டயருக்குப் பிடிமானத்தின் பெரும்பங்கு திரும்புவதற்கே செலவாகிவிடும். வெளிப்பக்கக் கால் கீழே இருக்க வேண்டும், கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும்.

பிசின் கலந்த பிரேக் பேட் அதிக வெப்பத்தில் பிடிமானம் இழக்கும். உலோகத் தூள் அழுத்திச் செய்த பேட் சத்தம் போட்டாலும் தாங்கும், ஈரத்திலும் நீடிக்கும். நீண்ட இறக்கங்களுக்கு இரண்டாவதே உகந்தது. ஹைட்ராலிக் பிரேக்கில் சில நிறுவனங்கள் டாட் வகைத் திரவத்தையும், சில கனிம எண்ணெயையும் பயன்படுத்துகின்றன. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 தரத்தில் புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 260 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 180 வரை இறங்கலாம். திரவம் குழாய்க்குள் கொதித்தால் கைப்பிடி கடைசிவரை அமுங்கும், வண்டி நிற்காது. பயணத்துக்கு முன் திரவத்தை மாற்றி, புதிய பேட் பொருத்தி, அதைக் கொல்லிமலையில் ஒருமுறை இறக்கிப் படியவைத்து எடுத்துச் செல்வது சிறந்த ஏற்பாடு.

தார்ச்சாலை இத்தனையும் கற்றுத்தரும்; உருளும் கல்லையும் ஓடையையும் கற்றுத்தராது. கொல்லிமலை மேல்தளத்தில் ஊர்களை இணைக்கும் மண் பாதைகளில், ஊராரிடம் கேட்டுக்கொண்டு, நின்றபடி ஓட்டவும் முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி வைக்கவும் பழகலாம். காப்புக்காட்டுக்குள் செல்லும் தடங்களுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

இனி இரண்டாவது வேலை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 விழுக்காடுதான். குறைவது மொத்தக் காற்றழுத்தம். சோளக்காட்டில் அது கடல்மட்ட அளவில் ஏறத்தாழ 87 விழுக்காடு. மணாலி–லே சாலையின் உச்சியான, 5,300 மீட்டர் உயரமுள்ள தங்லாங் லா கணவாயில் பாதிக்குச் சற்றே மேல். உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன், 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் தோராயமாக 10 விழுக்காடு குறைகிறது. சமவெளியில் தொடர்ந்து 200 வாட் தரக்கூடிய ஒருவருக்குக் கொல்லிமலையின் 140 வாட் என்பது அவர் வலுவில் 70 விழுக்காடு, பேசிக்கொண்டே ஏறலாம். காட்டா லூப்ஸின் மேல்முனையில், 4,600 மீட்டர் அளவில், அவருடைய முழு வலுவே 140 வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. 70 வளைவைவிட 21 வளைவு ஏன் கடினம் என்பதற்கு விடை இதுதான்.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் தன் கால அட்டவணைப்படி. முதல் சில மணி நேரத்திலேயே மூச்சு வேகமெடுக்கிறது. ஓரிரு நாளில் சிறுநீரகம் கூடுதல் நீரை வெளியேற்றி இரத்தத்தைச் செறிவாக்குகிறது. மலையில் அடிக்கடி சிறுநீர் கழிவது கெட்ட அறிகுறி அல்ல. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் தூண்டிப் புதிய சிவப்பணுக்கள் போதிய அளவில் பெருக வாரங்கள் ஆகும். உடல் பயிற்சி இந்த அட்டவணையை முன்னுக்குத் தள்ளுவதில்லை. திடமான இளைஞருக்கும் மலை நோய் வரும். சொல்லப்போனால் அவருக்கு ஆபத்து கூடுதல், ஏனெனில் மற்றவர்கள் ஓய்வெடுக்கும்போது அவரால் இன்னும் மேலே ஏற முடிகிறது.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, சோர்வு ஆகியவை மிதமான மலை நோயின் அடையாளங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், இருமலில் நுரை வந்தால், அது நுரையீரலில் நீர் கோக்கும் நிலை. நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளை வீக்கம். குதிகாலும் கால்விரலும் ஒட்டி வரும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லிச் சோதிப்பது எளிய முறை. இந்த இரண்டுக்கும் சிகிச்சையின் முதல் படி, இரவாக இருந்தாலும் கீழே இறக்குவது. அசெட்டசோலமைடு மாத்திரை பழகும் வேகத்தைச் சற்றுக் கூட்டும். மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

டயருக்கும் உயரம் புரியும். 25 பி.எஸ்.ஐ. காற்றடித்த டயர், வெப்பநிலை மாறாமல் தங்லாங் லாவுக்குப் போனால் அழுத்தமானி 32 அளவில் காட்டும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால். சமவெளியின் 30 பாகையிலிருந்து உறைநிலைக்கு இறங்கும் குளிர் அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். எனவே அங்கே போய் அளந்தபின்தான் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

வழிகாட்டி அமர்த்தும் பயணத்தில் சுமையைப் பின்வரும் வண்டி எடுத்துக்கொள்ளும். ஆனால் அவரவர் சைக்கிளுக்கே உரிய உதிரிகளை, குறிப்பாகப் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர், பேட், செயின் இணைப்பு, ஸ்போக்ஸ் ஆகியவற்றை, அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். வேறு மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது, போஸ்ட்பெய்டு தேவை. நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை சில: வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, வழிகாட்டி முதலுதவிப் பயிற்சி பெற்றவரா, ஒருவர் நோயுற்றால் அவரை இறக்கிச் செல்லத் தனி வண்டி இருக்கிறதா, திருப்பி அனுப்பும் முடிவை எடுப்பவர் யார். கடைசிக் கேள்விக்கு வழிகாட்டிதான் என்ற விடை வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரவுத் தங்கல்களின் உயரத்தை எழுதி வாங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஓர் இரவில் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பரிந்துரை. மணாலி–லே சாலையில் கேலாங் ஏறத்தாழ 3,100 மீட்டர், சார்ச்சு 4,300. இரண்டுக்கும் நடுவில் தங்கல் வைத்துப் பிரிக்காமல், ஒரே நாளில் தாண்டும்படி அட்டவணை போட்டு, கேட்டாலும் மாற்ற மறுக்கும் நிறுவனத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை.